காதுக் கிளிப் மெசினும் ரென்ஸ் மெசினும்: கோளாறை எங்கே தேடுவது?

நரம்புக்கு மின்துடிப்புக் கொடுக்கும் மெசின் இரத்தப்போக்கை நிறுத்தும் என்று கேள்விப்பட்டு, அது வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. மெசினைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி. இப்போது இரத்தம் ஓடுகிறதா?

ஓடுகிறது என்றால் மெசினைக் கீழே வையுங்கள். வெட்டுக்காயம் என்றால் சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் இறுக்கி அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒருதரம் தூக்கிப் பார்க்க வேண்டாம். துணி ஊறினால் அதன்மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். மூக்கு என்றால் ஆளை இருத்தி, தலையைச் சற்று முன்னே சாய்த்து, எலும்புக்குக் கீழே உள்ள மெதுவான பகுதியை இரண்டு விரலால் 10 முதல் 15 நிமிடம் விடாமல் பொத்திப் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்கவிடாதீர்கள், இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நிற்காவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, ஆளுக்கு ஹீமோபீலியா போல இரத்தம் உறையாத நோய் இருந்தாலோ 1990 ஐ அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசு கேட்க மாட்டார்கள். ஹீமோபீலியாக்காரருக்கு ஃபக்டர் ஊசியைப் பற்றி (இரத்தம் உறைய வேண்டிய, அவர்களிடம் குறைவாக உள்ள பொருளைக் கொடுக்கும் ஊசி) வைத்தியர் என்ன சொல்லியிருக்கிறாரோ அதைச் செய்யுங்கள். நோவுக்கென்று அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம்.

இரத்தம் ஓடவில்லையா? அப்படியானால் ஆறுதலாக இருந்து வாசிக்கலாம்.

நான் திருகோணமலையில் மருத்துவ மெசின்கள் திருத்துகிறவன். பிரஷர் மீற்றர், நெபுலைசர், சக்ஷன் மெசின் என்று மேசையில் எப்போதும் ஏதாவது கிடக்கும். நரம்புக்கு மின்துடிப்புக் கொடுக்கும் சாமான்களில் முன்பு வருவது ரென்ஸ் (TENS) மெசின் மட்டுந்தான்: முதுகு நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் பேட் ஒட்டி, சுருசுருவென்று கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டி. இப்போது காதில் மாட்டும் கிளிப் மெசின்களும் வருகின்றன. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமாவோ சித்தியோ அனுப்பியிருப்பார். "நரம்பைத் தூண்டினால் இரத்தம் நிற்குமாம்" என்ற செய்தியும் பெட்டியோடு சேர்ந்தே வரும்.

அந்தச் செய்தி முழுப் பொய்யல்ல. அமெரிக்காவில் கெவின் ட்ரேசியும் அவரோடு வேலை செய்தவர்களும் வேகஸ் நரம்பை நீண்டகாலமாக ஆராய்ந்து வருகிறார்கள். மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் நரம்பு அது. 2010 இல் பன்றிகளில் அந்த நரம்பைத் தூண்டியபோது காதுக் காயத்திலிருந்து வழிந்த இரத்தம் குறைந்ததை வெளியிட்டார்கள். 2023 இல் ஹீமோபீலியா ஏ உள்ள எலிகளிலும் இரத்தப்போக்குக் குறைந்ததைக் காட்டினார்கள். நரம்பின் சைகை மண்ணீரலுக்குப் போகிறது. அங்கே குருதிச் சிறுதட்டுகள் முன்கூட்டியே தயாராகின்றன. காயம் உள்ள இடத்துக்கு வந்தபின் அவை வழமையைவிட வேகமாக உறைகட்டுகின்றன. மண்ணீரலை எடுத்துவிட்டால் இந்தப் பலன் கிடைப்பதில்லை. இறுக்கிக் கட்டும் துணிக்கு ஒப்பாக இதை நரம்புக் கட்டு என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

உங்கள் மேசையில் கிடக்கும் மெசின் அதுவா என்பது வேறு கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மெசின் கரண்ட் கொடுக்கிறதா என்று பார்ப்போம். ரென்ஸோ காதுக் கிளிப்போ, உள்ளே இருப்பது ஒன்றுதான்: துடிப்பை உண்டாக்கும் பெட்டி, லீட் வயர், பேட் அல்லது கிளிப், கடைசியில் தோல். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் பெட்டியில்தான் பிழை என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பெட்டியைத் திறக்க வேண்டி வருவது எப்போதாவது ஒருதரம்.

லைட்டே எரியவில்லை

பற்றரிப் பெட்டியின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி, மூதூர்க் கரை என்று கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளிலிருந்து வரும் மெசின்களில் நான் முதலில் பார்ப்பது சுருள்கம்பியின் அடியைத்தான். அங்கே பச்சைக் கறல் பிடித்திருக்கும். பற்றரி ஒழுகியிருந்தால் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். பஞ்சுக் குச்சியில் இரண்டு துளி தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்டு உரசுங்கள். பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். தேசிக்காய்ச் சாற்றை அப்படியே விட்டால் அதுவே இன்னொரு கறலுக்கு வழி.

9 வோல்ற் பற்றரி போடும் மெசின் என்றால் கடையில் கேட்டு அல்கலைன் வாங்குங்கள். மலிவான சாதாரண பற்றரியில் லைட் எரியும், ஆனால் அளவைக் கூட்டும்போது படுத்துவிடும். மீற்றர் உள்ளவர்கள் பற்றரியைத் தனியாகக் கழற்றி வைத்து அளக்காமல் மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சும்மா கிடக்கும்போது ஒன்பதைக் காட்டிவிட்டு வேலை கொடுத்தவுடன் ஆறுக்கு விழும் பற்றரிகள் என் குப்பைத் தொட்டியில் நிறைய. சார்ஜ் செய்யும் 9 வோல்ற் பற்றரிகளில் சிலது உண்மையில் 8.4 வோல்ற், சிலது 7.2 மட்டுமே. 7.2 ஐப் போட்டுவிட்டு "புது பற்றரிதானே போட்டேன்" என்று சண்டைக்கு வந்தவரும் உண்டு.

யூஎஸ்பி சார்ஜர் மெசின் என்றால், சார்ஜில் இருக்கும்போது வேலை செய்யாமலிருப்பது பல மெசின்களில் வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சார்ஜில் இருக்கும்போதும் வேலை செய்யும் மெசின் உங்களிடம் இருந்தால் அப்போதுதான் பயப்பட வேண்டும். விலை குறைந்த ஃபோன் சார்ஜரில் செருகியபடி உடம்பில் பூட்டாதீர்கள். அந்தச் சார்ஜருக்குள் 230 வோல்றுக்கும் உங்கள் காதுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவன் சொல்கிறேன்.

லைட் எரிகிறது, உடம்பில் ஒன்றும் தெரியவில்லை

வேலையில் பெரும் பங்கு இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் அளவைப் பாருங்கள். இந்த மெசின்களில் பல பூச்சியத்தில்தான் தொடங்கும். பேட் ஒன்று கழன்றால் சிலது தானாகவே பூச்சியத்துக்குத் திரும்பும். ஒன்று இரண்டில் வைத்துவிட்டு "வேலை செய்யுதில்ல" என்று வருவார்கள். முன்கையின் உள்பக்கத்தில் இரண்டு பேட்டையும் நான்கு விரல் இடைவெளியில் ஒட்டி, ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். முன்கையில் சுருசுருப்புத் தெரிந்தால் பெட்டியும் லீட்டும் நல்லது. பிழை நீங்கள் ஒட்டிய இடத்தில்.

முன்கையிலும் தெரியவில்லையா? இரண்டு சனல் மெசின் (இரண்டு லீட் செருகும் மெசின்) என்றால் லீட்டை மற்றச் சனலில் செருகுங்கள். அங்கேயும் இல்லையென்றால் லீட்டோ பேட்டோ, அங்கே வந்தால் பெட்டி. ஒரு சனல் மட்டும் உள்ள மெசினுக்கு இன்னொருவரிடம் லீட் இரவல் வாங்குங்கள். ரென்ஸ் லீட்டுகளில் பெரும்பாலானவற்றின் நுனி 2 மில்லிமீற்றர் ஊசி, ஒன்றுக்கொன்று பொருந்தும்.

லீட் எங்கே முறிகிறது என்று தெரிய வேண்டுமென்றால் அதைக் கையில் எடுத்துப் பிளக்கின் கழுத்தைப் பாருங்கள். ரப்பர் முடிந்து வயர் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் வெளுத்திருக்கும், விரலால் வளைத்தால் மற்ற இடத்தைவிட இலகுவாக மடியும். உள்ளே தலைமயிர் மொத்தத்தில் செப்பு இழைகள், நூலைச் சுற்றி ஓடும். வெளியே தோல் முறியாது, உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக முறியும். மல்ரிமீற்றரில் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, இரு நுனியிலும் பிடித்துக்கொண்டு அந்தக் கழுத்தை மெல்ல ஆட்டுங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் ஆள் அகப்பட்டான். அந்த லீட்டை ரேப் சுற்றித் திருத்தப் பார்க்க வேண்டாம், வாங்குங்கள். மெசினைச் சுற்றி லீட்டை இறுக்கிச் சுருட்டி வைக்கும் பழக்கத்தை நிறுத்தினால் அடுத்தது கொஞ்சக் காலம் கூட இருக்கும்.

லீட் நல்லது என்றால் பேட். பேட்டின் ஒட்டும் பக்கம் ஜெல். அதில் ஈரமும் உப்பும் இருப்பதால்தான் கரண்ட் பாய்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்து வைத்த பேட் ஒரு பின்னேரத்தில் அப்பளமாகிவிடும். விரல் நுனியால் தொடுங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கினாலோ கடதாசி போல இருந்தாலோ ஒரு துளி தண்ணீர் தடவி இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். உயிர் வந்தால் இன்னும் சில நாளைக்குத் தாங்கும். மாரி மாதங்களில் இதற்கு மாறாக ஜெல் ஊறிக் கரைந்து நூலாக இழுபடும். அதற்கு மருந்தில்லை, எறியுங்கள். பேட்டை ஓம் மீற்றரால் அளந்து முடிவெடுக்கவும் வேண்டாம். ஈரமான ஜெல்லில் நேர் மின்னோட்டம் போகும்போது இலக்கம் ஏறிக்கொண்டே இருக்கும், அந்த நடனத்துக்குப் பொருள் இல்லை.

கடைசியாகத் தோல். இங்கே நம்முடைய ஆட்களுக்கே உரிய ஒரு கோளாறு இருக்கிறது: எண்ணெய். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையால் காதின் பின்பக்கமும் வழித்துவிடுவோம். காதுக் கிளிப்பின் சின்னஞ்சிறிய உலோகக் குமிழுக்கு அந்த மெல்லிய எண்ணெய்ப் படலமே மதில். சவர்க்காரம் போட்ட ஈரத் துணியால் துடைத்து, வெறும் ஈரத் துணியால் இன்னொருதரம் துடைத்து, குமிழில் மின்வாய் ஜெல்லோ ஒரு துளி சேலைனோ வைத்து மாட்டுங்கள். ஏன் இவ்வளவு பாடு என்றால் கணக்கைப் பாருங்கள். காதுத் தோல் 5000 ஓம் தடை காட்டினால் அதன் வழியே 2 மில்லிஅம்பியர் தள்ள 10 வோல்ற் வேண்டும். தோல் காய்ந்து 20,000 ஓம் ஆனால் 40 வோல்ற் வேண்டும். சின்ன மெசினால் அவ்வளவு தள்ள முடியாது. பெட்டி தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பெட்டியைத்தான் சந்தேகிக்கிறீர்கள், மீற்றரும் இருக்கிறது என்றால் ஓர் எச்சரிக்கை. வெளியே வரும் துடிப்பை மல்ரிமீற்றரால் அளக்க முடியாது. 25 ஹேர்ட்ஸில் 200 மைக்ரோசெக்கன் துடிப்பு என்றால் ஒரு செக்கனில் கரண்ட் இருப்பது 5 மில்லிசெக்கன் மட்டுமே, அதாவது நூற்றில் அரைப் பங்கு. துடிப்பின் உச்சி 25 வோல்ற் ஆனாலும் மீற்றர் 0.1 சொச்சம் காட்டும். நேரும் எதிருமாக மாறி வரும் துடிப்பு என்றால் பூச்சியமே காட்டும். இதைப் பார்த்துவிட்டு நல்ல மெசினைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு 1000 ஓம் தடையிகளைப் பக்கத்துக்குப் பக்கமாகச் சேர்த்து முறுக்கினால் 500 ஓம். அதை லீட்டின் இரு நுனிக்கும் நடுவே வைத்து, துடிப்பின் உருவத்தைத் திரையில் காட்டும் ஒசிலோஸ்கோப்பில் பாருங்கள். உச்சியில் 1 வோல்ற் என்றால் 2 மில்லிஅம்பியர், 25 வோல்ற் என்றால் 50 மில்லிஅம்பியர். ஸ்கோப் இல்லாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது முன்கை.

வந்து வந்து போகிறது

லீட்டின் கழுத்து. வேறொன்றும் தேட வேண்டாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் வெட்கக்கேடு ஒன்று காரணம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பிசியோதெரபி அறையிலிருந்து ரென்ஸ் ஒன்று வந்தது. "ஒரு நிமிசம் வேலை செய்யும், பிறகு நிக்கும், பிறகு வரும்" என்று சொல்லித்தான் தந்தார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். ட்ரான்ஸ்ஃபோமர் காலுக்கு ஈயம் வைத்தேன், வெளியீட்டு ட்ரான்ஸிஸ்ரர் இரண்டையும் மாற்றினேன், இரண்டு நாள் போனது. மேசையில் அழகாக ஓடியது. கொண்டுபோய்க் கொடுத்த அன்று பின்னேரமே திரும்பி வந்தது. மேசையில் ஓட்டிப் பார்க்க நான் பாவித்தது என்னுடைய லீட். அவர்களுடைய லீட் அவர்களின் லாச்சிக்குள் இருந்தது.

குத்துகிறது, எரிகிறது

நரம்புத் தூண்டல் எறும்பு ஊர்வது போல இருக்க வேண்டும், ஊசி குத்துவது போல அல்ல. குத்தினால் கரண்ட் கூடியிருப்பதாகத் தோன்றும். பெரும்பாலும் கரண்ட் கூடவில்லை, இடம் குறைந்திருக்கிறது. 5 சென்ரிமீற்றர் சதுரப் பேட் ஒன்றின் பரப்பு 25 சதுர சென்ரிமீற்றர். பாதி கிளம்பிவிட்டால் அதே கரண்ட் பாதி இடத்தால் போகிறது, ஒவ்வொரு புள்ளியிலும் இரட்டிப்பாகக் கடிக்கிறது. கிளம்பிய ஓரத்தை அழுத்தி ஒட்டுங்கள், வியர்வையைத் துடையுங்கள், மயிர் அடர்ந்த இடம் என்றால் கத்தரியால் வெட்டுங்கள். சவரம் செய்ய வேண்டாம்: சிறு கீறல்கள் வழியே கரண்ட் திரண்டு பாயும், இரத்தம் உறையாதவருக்கு அந்தக் கீறலே பெரிய பிரச்சினை.

காதுக் கிளிப்பின் குமிழ் 5 மில்லிமீற்றர் விட்டம் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர சென்ரிமீற்றர். பெரிய பேட்டைவிட 125 மடங்கு சிறியது. முதுகுக்குத் தாங்கிய அளவைக் காதில் வைத்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே கணக்குப் பார்க்கலாம். ரென்ஸ் மெசினின் லீட்டில் காதுக் கிளிப்பை மாட்டிப் பாவிக்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. சில ரென்ஸ் மெசின்கள் 80, 100 மில்லிஅம்பியர் வரைக்கும் போகும். வேண்டாம்.

கிளிப்பின் கம்பி கடினமாக இருந்தால் நெரிப்பினாலேயே காது கன்றும். ஹீமோபீலியாப் பிள்ளைக்கு அந்தக் கன்றல் மணிக்கணக்கில் வீங்கிக்கொண்டே போகலாம். கிளிப்பை எடுத்தபின் சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைய வேண்டும். நீலமானாலோ தடித்தாலோ அந்தக் கிளிப் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. இரத்தம் பட்ட பேட்டைக் கழுவி வைக்கும் எண்ணமும் வேண்டாம். ஒரு பேட், ஒரு ஆள்.

தொடக்கத்தில் தெரிந்தது, பத்து நிமிடத்தில் மங்கிவிட்டது

பிழையில்லை, நரம்பு பழகிவிட்டது. நிரந்தரமாக ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தால் உடம்பு அதைக் கேட்காமல் விட்டுவிடும், சுவர் மணிக்கூட்டின் டிக் டிக் போல. தாளம் மாறி வரும் நிலை மெசினில் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். மங்கியது என்பதற்காகக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம், ஒரு படி போதும். மெசினை நிறுத்தித் திரும்பப் போட்டும் பலவீனமாகவே இருந்தால் பற்றரி.

ஈசிஜி திரையில் கோடு குதறுகிறது

வைத்தியசாலைக்காரர்களுக்கு: ரென்ஸ் ஓடும்போது ஈசிஜியில் சீரான முட்கள் தெரிந்தால் முதலில் ரென்ஸை நிறுத்திப் பாருங்கள். மொனிற்றரைத் திருத்த என்னைக் கூப்பிட்டு, நான் ஆட்டோவில் வந்திறங்கி, பக்கத்துக் கட்டிலில் ரென்ஸ் ஓடுவதைக் கண்டுபிடித்தால் உங்களுக்கும் வீண், எனக்கும் வீண். ஷோர்ட்வேவ் டயதர்மி ஓடும் அறையில் ரென்ஸ் பூட்ட வேண்டாம்; லீட் வயர் அன்ரெனா போல அலையைப் பிடிக்கும், அளவு தானாகத் துள்ளும்.

தலை சுற்றுகிறது, இருமல் வருகிறது, நெஞ்சு ஒரு மாதிரி

இது மெசின் கோளாறல்ல. கிளிப்பைக் கழற்றுங்கள், ஆளைக் கிடத்துங்கள், நாடியைப் பாருங்கள். வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தையும் குறைக்கிற நரம்பு. வலப் பக்க நரம்பு இதயத் துடிப்பைத் தொடக்கும் இடத்துக்குக் கூடுதலாகப் போவதால்தான் இந்த வேலைகளில் இடது காதைத் தெரிவு செய்வது வழமை. பேஸ்மேக்கர் வைத்தவர், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர், வலிப்பு உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கத்தில் ரென்ஸ் பேட் ஒருவருக்கும் வேண்டாம். நரம்பு கழுத்தால்தானே போகிறது என்று சொந்த மூளையைப் பாவித்துக் கழுத்தில் ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியாக வேலை செய்கிறது, இரத்தம் மட்டும் குறையவில்லை

நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா இரவு எட்டரைக்கு எடுத்தார்.

"தம்பி, கனடாவால வந்த மெசின் வேலை செய்யுதில்ல. பிள்ளைக்கு மூக்கால இரத்தம் வருது."

"அக்கா, இப்ப வருதா?"

"ஓம், கொஞ்சம் கொஞ்சமா. காதில போட்டு இருவது நிமிசம்."

"மெசின கழட்டி வைங்கோ. மூக்கப் பொத்திப் பிடிங்கோ. மணிக்கூட்டப் பாத்துப் பதினைஞ்சு நிமிசம். பிடிச்சுக்கொண்டே கிளினிக்குக்கு எடுத்துக் கேளுங்கோ."

பிள்ளைக்கு ஹீமோபீலியா. கிளினிக்கில் உடனே வரச் சொன்னார்கள், போனார்கள், ஊசி போட்டார்கள். அடுத்த நாள் மெசின் என் மேசைக்கு வந்தது. 500 ஓமில் பூட்டிப் பார்த்தேன், அழகான சதுரத் துடிப்பு, ஒரு பிழையும் இல்லை. "எங்க போட்டீங்க?" என்று கேட்டேன். தோடு போடும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கேதான் கழன்று விழாமல் நிற்கிறதாம்.

காதுச் சோணையில் வேகஸ் நரம்பின் கிளை இல்லை. அங்கே வருவது கழுத்திலிருந்து ஏறும் வேறொரு நரம்பு. காது வழித் தூண்டல் ஆய்வுகளில் சும்மா போலிக்கு ஒரு குழுவுக்குக் கிளிப் மாட்ட வேண்டி வந்தால் பெரும்பாலும் சோணையில்தான் மாட்டுவார்கள், அங்கே போட்டால் ஒன்றும் நடக்காது என்ற கணக்கில். அக்கா இருபது நிமிடம் செய்தது அந்தப் போலியை. வேகஸின் கிளை வருவது காதுக் குழியின் மேல் பாதியில், உள்மடிப்புக்குக் கீழே சுண்டுவிரல் நுனி போய்ப் பதியும் பள்ளத்தில். காதுத் துளைக்கு முன்னால் நிற்கும் சிறு குருத்தையும் சில கருவிகள் பயன்படுத்துகின்றன.

இதைச் சொன்னதும் அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப இனி அங்க போட்டாச் சரி?" என்றார். அங்கேதான் எனக்குச் சங்கடம்.

சரியான இடத்தில் போட்டாலும் இன்னும் மூன்று இடத்தில் இது பிசகுகிறது. ஒன்று, ஆய்வில் எலிக்கும் பன்றிக்கும் காயத்துக்கு முன்பே தூண்டினார்கள். குருதிச் சிறுதட்டுகளைத் தயார்ப்படுத்தி வைப்பதுதான் அதன் வேலை. மூக்கால் ஓடத் தொடங்கியபின் கிளிப்பை எடுத்துத் துடைத்து மாட்டுவது அதே வேலையல்ல. இரண்டு, அங்கே மின்வாய் கழுத்து நரம்பிலேயே இருந்தது. நம் கிளிப் தோலுக்கு மேலே, அளவு கூட்டிக் குறைக்கும் சின்ன சக்கரத்தோடு. மூன்றாவதுதான் கனமானது. ஹீமோபீலியா ஏ யில் இல்லாதது எட்டாம் ஃபக்டர், பீ யில் ஒன்பதாவது. நரம்பு சிறுதட்டுகளை உசுப்பலாம், இல்லாத ஃபக்டரை உண்டாக்காது. கடையில் வாங்கும் காதுக் கிளிப் மன அமைதிக்கு, நித்திரைக்கு என்று விற்கப்படுகிற சாமான். அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போடுகிற வீட்டில் மெசின் நன்றாக வேலை செய்வதுதான் ஆபத்து. செத்துக் கிடந்தாலாவது கிளினிக்குக்கு ஓடியிருப்பார்கள்.

ரென்ஸுக்கு இதைவிட நேரான பதில் உண்டு. இரத்தம் வடியும் இடத்தின்மேல், புதிதாக இரத்தம் கட்டி வீங்கிய மூட்டின்மேல் அதை ஒட்ட வேண்டாம் என்றுதான் பிசியோதெரபிக்காரர்கள் படித்து வருகிறார்கள். நோவு குறைந்துவிட்டால் உள்ளே வடிவது தெரியாமலும் போகும். ஹீமோபீலியாக்காரரின் முழங்கால் திடீரென்று சூடாகி வீங்கினால் அது ரென்ஸ் பூட்டும் நோவு அல்ல.

அக்காவுக்கு மெசினைத் திருப்பிக் கொடுத்தேன். திருத்துகூலி வாங்கவில்லை, திருத்த ஒன்றும் இருக்கவில்லையே. பிள்ளை நித்திரை கொள்ள உதவுகிறதா என்று வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் பாவிக்கச் சொன்னேன். இப்போது அது அவர்கள் வீட்டில் பிஸ்கட் ரின்னுக்குள் சிலிக்காப் பொதியோடு கிடக்கிறது. ரின் மூடியில் கிளினிக் நம்பரையும் 1990 ஐயும் ரேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது

விழுந்தால் ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் போட வேண்டாம். நல்ல தண்ணீர் பட்டால் பற்றரியைக் கழற்றி இரண்டு நாள் நிழலில் வையுங்கள். கடல்தண்ணீர் பட்டால் காயவிடாமல் உடனே கொண்டு வாருங்கள், காய்ந்தால் உப்பு உள்ளேயே நின்றுவிடும். உடம்புக்குள் பதித்த தூண்டிகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். அது அதைப் பதித்த வைத்தியரின் வேலை.

மெசினைக் கொண்டு வரும்போது லீட்டையும் பேட்டையும் கிளிப்பையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். வெறும் பெட்டியோடு வந்து, லீட் எடுக்க மறுபடியும் கிண்ணியாவுக்கு பஸ் ஏறியவர்கள் இந்த வருடம் மட்டும் மூன்று பேர்.